பெங்களூருவில் ‘சைட்’ என்னும் சொல்: சிறுவணிகமும் வலைத்தளமும், 1995–2025

பெங்களூருவில் ‘சைட்’ என்ற சொல்லைக் கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கணினித் திரை அன்று, நிலம். முப்பதுக்கு நாற்பது அடி, இருபதுக்கு முப்பது அடி என்று அளந்து விற்கப்படும் வீட்டுமனையையே அந்நகரின் கன்னடமும் தமிழும் ‘சைட்’ என்கின்றன. 1945இல் தொடங்கிய நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியமும், அதன் இடத்தில் 1976இல் வந்த பெங்களூரு வளர்ச்சி ஆணையமும் மனை பிரித்து ஒதுக்கி வளர்த்த நகரம் அது. அங்கே ‘சைட் வாங்கிவிட்டார்’ என்றால் ஒருவர் வாழ்வில் காலூன்றிவிட்டார் என்று பொருள். எனவே 1990களின் பிற்பகுதியில் ‘வெப்சைட்’ என்ற சொல் வந்து சேர்ந்தபோது அது வெற்றுச் சொல்லாக வரவில்லை. உரிமை, முகவரி, நிலைபேறு ஆகிய பொருள்களை ஏற்கெனவே சுமந்திருந்த ஒரு சொல்லின் மேல் ஏறி வந்தது.

தமிழ்க் கலைச்சொல்லாக்கமும் இதே திசையில்தான் சென்றது. இணையத்தளம், வலைத்தளம், வலைமனை, ஆள்களப் பெயர், முகப்புப் பக்கம், இணைய முகவரி ஆகிய தொடர்களைப் பிரித்துப் பார்த்தால் தளம், மனை, களம், முகப்பு, முகவரி என்று நிலமும் வீடும் சார்ந்த சொற்களே எஞ்சுகின்றன. உருவகம் என்பது வெறும் அணியன்று; அது எதிர்பார்ப்பையும் உருவாக்குகிறது. ‘தளம்’ என்றால் அது யாருடையது, எவ்வளவு காலத்துக்கு உரியது, யார் வெளியேற்றலாம் என்ற கேள்விகள் உடன் எழ வேண்டும். பெங்களூருவின் சிறுகடைகள் வலையில் இடம் தேடிய முப்பது ஆண்டு வரலாறு இக்கேள்விகளின் வரலாறாகவே அமைந்திருக்கிறது. செலவு பல்லாயிரத்திலிருந்து சுழியத்துக்கு இறங்கியது. அதே காலத்தில் உரிமையும் கைமாறியது.

வெளியுலகோடு பெங்களூருவின் கணினித் தொடர்பு பெருநிறுவனங்கள் வழியாகவே தொடங்கியது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் மென்பொருள் வடிவமைப்பு மையத்தை இங்கு நிறுவிச் செயற்கைக்கோள் வழியே அமெரிக்காவோடு இணைந்தது. 1986இல் தொடங்கிய ‘ஏர்நெட்’ என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பில் இந்திய அறிவியல் கழகம் முதற்பங்கேற்பாளர்களுள் ஒன்று. 1991இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு உருவாகி, ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தரவு இணைப்பு வழங்கியது. அவென்யூ சாலைப் புத்தகக் கடைக்கோ, சிக்பேட்டைத் துணிக்கடைக்கோ, கமர்ஷியல் தெரு நகைக்கடைக்கோ இவற்றில் இடமில்லை.

பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் தொடங்கியது. பெங்களூரு அடுத்த சுற்றில்தான் சேர்ந்தது. தொலைபேசி வழியாக நொடிக்கு 9.6 கிலோபிட் வேகம்; 250 மணி நேரத்துக்குத் தனியாள் கட்டணம் ரூ.5,000, வணிக நிறுவனக் கட்டணம் ரூ.25,000. தொலைபேசிக் கட்டணம் தனி. அதே 1995 செப்டம்பரில் அமெரிக்காவின் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், அதுவரை கட்டணமின்றிப் பதிவு செய்துவந்த ‘டாட் காம்’ பெயர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று விலை வைத்தது. பெயருக்கு டாலர், இணைப்புக்கு ரூபாய், பக்கத்தை எச்டிஎம்எல் மொழியில் எழுதித் தருபவருக்குத் தனிக் கூலி, கோப்புகளை வைக்க அயல்நாட்டு வழங்கியில் வாடகை என நான்கு செலவுகளையும் கூட்டினால், ஒரு சிறுகடையின் பல மாத இலாபத்தை அது விழுங்கியிருக்கும்.

அதைவிட அடிப்படையான தடை வேறு. கடைக்கு வரக்கூடிய வாடிக்கையாளரிடம் கணினி இல்லை. எனவே அக்காலத்தில் வலைத்தளம் என்பது ஏற்றுமதியாளருக்கும் விடுதியாளருக்குமே பொருளுடையதாக இருந்தது. அயல்நாட்டுக் கடிதத்தலைப்பின் நீட்சி என்று அதைக் கொள்ளலாம். 1996இல் பிரிகேட் சாலையில் திறக்கப்பட்ட முதல் கஃபே காஃபி டே, காப்பியோடு இணையத்தையும் விற்ற கடையாகவே தொடங்கியது என்பது அன்றைய நிலையைக் காட்டும். 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்கள் இணையச் சேவை வழங்க அரசு வழிவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதலில் நுழைந்தவற்றுள் ஒன்று. பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்த பிறகே உள்ளூர் வாடிக்கையாளர், உள்ளூர்க் கடையின் பக்கத்தைப் பார்க்கும் வாய்ப்புப் பிறந்தது.

பக்கம் இருந்தால் அதற்குப் பெயர் வேண்டும். பெயர் என்றால் பூசல் உண்டு. இந்தியாவில் இணையப் பெயருரிமைக்கு அடித்தளமிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கிலிருந்து வந்தது என்பது பலரும் கவனிக்காத செய்தி. சத்யம் இன்ஃபோவே தன் பெயரின் கூறுகளைச் சேர்த்து ‘சிஃபி’ என்ற சொல்லைப் புனைந்து, 1999இல் அச்சொல்லைக் கொண்ட பல ஆள்களப் பெயர்களைப் பதிவு செய்தது. பின்னர் 2001–2002இல் மற்றொரு நிறுவனம், நடுவில் ஓர் ஆங்கில எழுத்தை மட்டும் இரட்டித்து, ஏறத்தாழ அதே பெயரில் இரண்டு முகவரிகளைப் பதிந்தது. தன் நிறுவனர்கள் ஐவரின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்தே அப்பெயர் உருவானது என்பது அதன் விளக்கம். நகர நீதிமன்றம் முதல் நிறுவனத்துக்கு இடைக்காலத் தடை வழங்கியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தடையை நிலைநாட்டியது.

மொழியியல் மாணவர் இவ்வழக்கில் இரண்டு செய்திகளைக் காணலாம். ஒன்று, ஒலி ஒப்புமை. ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்து மிகுந்தும் குறைந்தும் இருக்கும் இரு பெயர்களும் தமிழ் எழுத்தில் ‘சிஃபி’ என்ற ஒரே வடிவமாகிவிடுகின்றன. நீதிமன்றம் கண்ணுக்கும் காதுக்கும் உள்ள ஒப்புமையைக் கருதியே முடிவுக்கு வந்தது. மற்றொன்று, சுட்டுப்பொருள். ஆள்களப் பெயர் ஓர் இடத்தைக் காட்டும் முகவரி மட்டுமே என்ற வாதம் ஏற்கப்படவில்லை. அது வணிகரையே அடையாளப்படுத்தும் பெயர் என்றும், பிறர் பொருளைத் தன் பொருளாகக் காட்டுவதற்கு எதிரான சட்டநெறியின் கீழ் காப்புக்குரியது என்றும் கொள்ளப்பட்டது. முகவரிச் சொல் ஒன்று சட்டத்தின் பார்வையில் சிறப்புப் பெயராக மாறிய தருணம் அது.

அதே காலத்தில் ‘டாட் இன்’ முகவரி பெரும்பாலும் எட்டாக்கனியாக இருந்தது. 1989இல் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஈறு, தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் கடுமையான விதிகளோடு நடத்தப்பட்டது. 2004 இறுதிவரை ஏறத்தாழ 7,000 பெயர்களே பதிவாகியிருந்தன. 2005 ஜனவரி 1 முதல் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் பொறுப்பேற்று, பிப்ரவரி 16 அன்று எல்லாருக்கும் பதிவைத் திறந்துவிட்டது. சில ஆண்டுகளில் பதிவு பல இலட்சமாகியது. இதன்பின், மளிகைக் கடையும் தையற்கடையும் இந்திய முகவரியை ரூபாயில் வாங்க முடிந்தது.

எனினும் அந்த முகவரி ஆங்கில எழுத்தில் இருந்தது. இணையப் பெயர் முறைமை தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டவை 26 இலத்தீன் எழுத்துகள், 10 எண்கள், ஒரு சிறுகோடு என 37 குறிகள் மட்டுமே. 2003இல் பிற எழுத்துகளையும் இக்குறிகளாக மாற்றியனுப்பும் ‘பியூனிகோடு’ என்ற முறை வரையறுக்கப்பட்டது. 2011இல் இந்திய நாட்டு ஈற்றுக்கான ஏழு இந்திய மொழி வடிவங்கள் உலகப் பெயர்மூலத்தில் இடம்பெற்றன. அவற்றுள் ஆறு ‘பாரத்’ என்ற பெயரை ஏற்க, தமிழ் மட்டும் ‘டாட் இந்தியா’ என்று அமைந்தது. ‘டாட் இலங்கை’, ‘டாட் சிங்கப்பூர்’ ஆகியவையும் தமிழ் எழுத்தில் உண்டு. நாட்டுப்பெயர் ஈறாக மூன்று நாடுகளில் தமிழ் இடம்பெற்றிருப்பது சிறப்பே. ஆனால் அதைக் கடைப்பலகையில் எழுதி வைத்திருப்பவர் எத்தனை பேர்?

காரணம் விருப்பமின்மை மட்டும் அன்று. தமிழ்ப் பக்கங்கள் நெடுநாள் பல குறியாக்கங்களில் சிதறிக் கிடந்தன. யூனிகோடு 1991இலேயே தமிழை ஏற்றிருந்தாலும், பரவலான இயங்குதளங்கள் அதைக் காட்டத் தொடங்கியது 2000க்குப் பிறகே. இடையில் 1997 சிங்கப்பூர் மாநாடு, 1999 சென்னை மாநாடு, அவற்றின் வழி வந்த தமிழ் 99 விசைப்பலகை, டாம், டாப், திஸ்கி எனப் பல முயற்சிகள். எழுத்துரு இறக்கிக்கொள்ளாத வாடிக்கையாளருக்குக் கடையின் தமிழ்ப் பக்கம் புரியாத குறிகளாகத் தோன்றும். நாளிதழுக்கு வாசகர் எழுத்துருவை இறக்கிக்கொள்வார்; மாவு அரைக்கும் கடைக்கு இறக்கிக்கொள்வாரா? முகவரியிலும் சிக்கல் உண்டு. ‘ஔவை’ என்று ஓரெழுத்தாகவும், ‘ஒள’ என்று ஈரெழுத்தாகவும் தட்டச்சு செய்தால் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு இரண்டு முகவரிகள். தமிழின் சில எழுத்துகள் மலையாள எழுத்துகளோடு மயங்கும். வணிகருக்கு வேண்டியது ஐயமற்ற முகவரி. இந்நிலையில் அவர் ஆங்கிலத்தைத் தேர்ந்ததை மொழிப்பற்றின்மை என்று எளிதில் தீர்ப்பிட முடியாது.

பெயரும் பக்கமும் கிடைத்தபின் எழுந்த கேள்வி, அங்கே விற்பனை நடக்குமா என்பது. இதற்கும் பெங்களூருவே சோதனைக்களம். 1999இல் இங்குத் தொடங்கப்பட்ட ஃபேப்மார்ட், இந்தியாவின் முதல் இணையக் கடைகளுள் ஒன்று. இசைத்தட்டிலிருந்து தொடங்கி மளிகைக்கும் விரிந்து, நேரடிக் கடைகளையும் திறந்தது. அந்த நேரடிக் கடைகள் பின்னர் ஆதித்ய பிர்லா குழுமத்திடம் சென்றன. இந்தியாபிளாசா என்று பெயர் மாறிய இணையப் பிரிவு 2013இல் நின்றுபோனது. நிறுவனருள் ஒருவரான கே. வைத்தீஸ்வரன் அத்தோல்வியை 2017இல் நூலாக எழுதினார். நிறுவனருள் வேறு சிலர் 2011இல் பிக்பாஸ்கெட்டைத் தொடங்கினர்.

2007இல் கோரமங்கலாவில் சச்சின் பன்சலும் பின்னி பன்சலும் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டும் அடிப்படையில் ஒரு சிறுவணிக வலைத்தளமே. நான்கு இலட்ச ரூபாய் முதல், ஒரு குடியிருப்பு, புத்தகம் என்ற ஒரே சரக்கு. மகாத்மா காந்தி சாலையின் கங்காராம்ஸ் புத்தகக் கடையிலிருந்து வெளியே வருவோரிடம் அவர்கள் புத்தக அடையாள அட்டைகளை வழங்கி விளம்பரம் செய்தனர் என்ற செய்தி பலமுறை பதிவாகியுள்ளது. புதிய கடை தன் முதல் வாடிக்கையாளரைப் பழைய கடையின் வாசலில் தேடியது. 2013இல் அது தன் சரக்கை விற்கும் கடை என்ற நிலையிலிருந்து, பிறர் சரக்கை விற்க இடம் தரும் சந்தையாக மாறியது. 2018இல் வால்மார்ட் ஏறத்தாழ 77 விழுக்காட்டுப் பங்கை 1,600 கோடி டாலருக்கு வாங்கியது.

சிறுவணிகரின் பார்வையில் 2013ஆம் ஆண்டு மாற்றமே முதன்மையானது. அதுவரை வலையில் விற்க விரும்பிய பலர் தனித்தளம் அமைத்தனர். அதன்பின் சந்தையில் ஒரு கடைத்திண்ணை கிடைத்தது. தனித்தளத்தில் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, வாங்கிய வரலாறு ஆகிய அனைத்தும் கடைக்காரரிடம் இருக்கும், கூட்டம்தான் இராது. சந்தையில் கூட்டம் உண்டு. வாடிக்கையாளர் சந்தைக்கு உரியவர். கே. ஆர். மார்க்கெட்டில் பூ விற்பவர் குத்தகைதாரருக்குச் சுங்கம் கொடுக்கிறார் எனினும், தன்னிடம் வாங்கும் பூக்காரரை முகம் பார்த்து அறிவார். இணையச் சந்தையின் விற்பனையாளருக்கு அந்த அறிமுகம் இல்லை.

இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழியாக வந்தது ‘இலவசத் தளம்’. 2011 நவம்பரில் கூகுள் நிறுவனம், ஹோஸ்ட்கேட்டர் போன்ற பங்காளர்களோடு சேர்ந்து, மூன்றாண்டில் 5 இலட்சம் இந்தியச் சிறு, நடுத்தர வணிகங்களை வலைக்குக் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தது. ‘டாட் இன்’ பெயரும் இடமும் முதல் ஆண்டு இலவசம், அதன்பின் கட்டணம். பெயர் கடைக்கு உரியது. கட்டணத்தை நிறுத்தினால் பறிபோகும். 2017இல் அதே நிறுவனம் இன்னும் எளிய வழியைத் திறந்தது. தேடலிலும் வரைபடத்திலும் பதிவான கடையின் பெயர், நேரம், தொலைபேசி, படங்கள் ஆகியவற்றை எடுத்துத் தானாகவே ஒரு பக்கம் உருவாக்கும் கருவி அது. நிரல் தெரிய வேண்டியதில்லை, பணம் வேண்டியதில்லை, தமிழ், கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் அமைக்கலாம். அப்பக்கங்களின் முகவரி ஈறு ‘பிசினஸ் டாட் சைட்’ என்பதாகும். ‘சைட்’ என்ற சொல் முகவரியிலேயே இருந்தது.

2024 மார்ச்சில் அத்தளங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. பழைய முகவரிக்கு வருவோர் 2024 ஜூன் 10 வரை கடையின் வரைபடப் பதிவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதன்பின் அம்முகவரி செயலற்றது. முன்னறிவிப்பு இருந்தது, சட்ட மீறல் ஏதுமில்லை, கட்டணம் பெறாதவர் வாக்குத் தவறினார் என்று கூறவும் இயலாது. ஆயினும் விசிட்டிங் கார்டிலும், பில் புத்தகத்திலும், ஆட்டோவின் பின்புறத்திலும் அச்சிட்ட முகவரி ஒரே நாளில் பொருளற்றதாயிற்று. 2009 அக்டோபர் 26இல் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் தளங்களை மூடியபோது உலகம் கண்ட அதே நிகழ்வு இது. அதில் தனியாரின் இல்லப்பக்கங்கள் மிகுதி, இதில் கடைகள்.

இங்குப் பெங்களூருவுக்கே உரிய ஒரு காலப்பொருத்தம் நேர்ந்தது. அதே 2024 பிப்ரவரி 28ஆம் நாளைத்தான் அன்றைய பெங்களூரு மாநகராட்சி, கடைப் பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இடம்பெறுவதற்கான கெடுவாக வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டு கன்னட மொழி முழுமை வளர்ச்சிச் சட்டத்தைத் திருத்தும் முன்வடிவு அம்மாதமே சட்டமன்றத்தில் நிறைவேறியது. பலகையின் மேற்பாதியில் கன்னடம் அமைய வேண்டும் என்பது விதி. முந்தைய டிசம்பரில் ஆங்கிலப் பலகைகள் தாக்கப்பட்ட நிகழ்வுகளும் நடந்திருந்தன. ஒரே பருவத்தில் கடைக்காரர் தெருவிலிருந்த பலகையை மாற்றி எழுதினார். வலையிலிருந்த பலகையை இழந்தார். முன்னதற்குச் சட்டம் இருந்தது, எதிர்ப்பு இருந்தது, சட்டமன்ற விவாதம் இருந்தது. பின்னதற்கு ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது.

1997இல் லாண்ட்ரி, பூரி ஆகிய இரு ஆய்வாளர்கள் ‘மொழி நிலத்தோற்றம்’ என்ற கருத்தை முன்வைத்து, ஒரு வட்டாரத்தின் தெருப்பெயர், கடைப்பலகை, விளம்பரம் ஆகியவற்றில் தென்படும் மொழிகள் அச்சமூகங்களின் உயிர்ப்பைக் காட்டும் என்றனர். 1809இல் உருவான பெங்களூரு கன்டோன்மென்ட்டைச் சூழ்ந்து வளர்ந்த அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதிகளில் தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாக உள்ளனர். அவர்களின் கடையொன்றை இக்கருத்தின் வழி நோக்கினால் மொழிகள் அடுக்கடுக்காகப் பிரிந்திருப்பதைக் காணலாம். தெருப்பலகையில் கன்னடமும் ஆங்கிலமும், வலைப்பக்கத்தில் ஆங்கிலம், கடைக்குள் பேச்சில் தமிழ், கன்னடம், உருது, வாட்ஸ்அப் குரல்பதிவில் முழுமையாகப் பேச்சுத்தமிழ். தெருவின் மொழியை மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது. வலையின் மொழியைக் கருவியின் பட்டியலில் எம்மொழி முதலில் தோன்றுகிறது என்பது தீர்மானிக்கிறது. இரண்டாவதைப் பற்றி ஆய்வும் குறைவு, விவாதமும் குறைவு.

2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. அவ்வாண்டு நவம்பரின் பணமதிப்பிழப்புக்குப் பின் கியூஆர் அட்டை தள்ளுவண்டி வரை பரவியது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. மறு ஆண்டு அதில் சரக்குப் பட்டியல் வசதியும் சேர்ந்தது. சிறுகடைக்கு இனி வலைத்தளமே வேண்டாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. சந்தைத் தளங்களின் பிடிக்கு மாற்றாக 2021 டிசம்பர் 31இல் பதிவான ஓஎன்டிசி என்னும் திறந்த வலையமைப்பு, 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. பெங்களூரும் கோயம்புத்தூரும் அவற்றுள் அடங்கும். 2022 செப்டம்பர் 30இல் பெங்களூருவின் 16 அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு செயலியில் வாங்குபவரும் வேறொரு செயலியில் விற்பவரும் பொது நெறிமுறையால் இணைவது அதன் கொள்கை. மின்னஞ்சலை எந்த நிறுவனத்தின் வழியும் அனுப்பலாம் என்பதைப் போன்றது. கொள்கையளவில் இது ‘சைட்’ என்ற உருவகத்தையே கைவிடுகிறது. கடைக்கு நிலம் தேவையில்லை, சாலையில் இணைப்பு இருந்தால் போதும் என்கிறது.

தென்படுவதற்கும் விலை உண்டு என்பதை 2025 ஜூலை உணர்த்தியது. யுபிஐ வரவுகளை அடிப்படையாகக் கொண்டு கர்நாடக வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறுவணிகர்களுக்கு அறிவிக்கை அனுப்பியபோது, பெங்களூருவின் பல கடைகளில் கியூஆர் அட்டைகள் இறக்கப்பட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று கையால் எழுதிய தாள்கள் ஒட்டப்பட்டன. பழைய நிலுவை வசூலிக்கப்படாது என்று முதலமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளரின் கண்ணுக்காக வைத்த பலகை அரசின் கண்ணுக்கும் பட்டபோது, கடைக்காரர் மேற்கொண்ட முதல் நடவடிக்கை பலகையை மாற்றியதுதான்.

இவ்வரலாற்றை நிலத்தின் மொழியிலேயே தொகுக்கலாம். பெங்களூரு வளர்ச்சி ஆணையம் மனையை முதலில் பத்தாண்டுக் குத்தகையோடு கூடிய விற்பனை ஒப்பந்தமாகத் தருவது அதன் விதிமுறை. காலம் முடிந்தபின் முழுக் கிரயப் பத்திரம் கிடைக்கும். ஆள்களப் பெயரையும் ஒரே முறையில் அதிகம் பத்தாண்டுக்கே பதியலாம். ஆனால் முழுக் கிரயம் ஒருநாளும் இல்லை. புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, சொந்தத் தளம் என்பதும் கறாரான பொருளில் நெடுங்குத்தகைதான். எனினும் அது பதிவேட்டில் கடைக்காரர் பெயரில் உள்ள குத்தகை. வழங்கியை மாற்றினாலும் முகவரி உடன் வரும். இலவசப் பக்கமும் சந்தைக் கடையும் பெங்களூருவில் ‘பி காதா’ என்று சொல்லப்படும் மனையைப் போன்றவை: குடியிருக்கலாம், வரி கட்டலாம், முழுமையான சட்ட ஏற்பு மட்டும் இல்லை.

இந்த வேறுபாடு நடைமுறையில் சில இடங்களில் தீர்மானமாகிறது. பெயர் யார் பேரில் பதிவாகியுள்ளது என்பது முதலாவது. பக்கம் செய்து கொடுப்பவரே தன் பேரில் பதிந்துகொள்வது பரவலான வழக்கம். உறவு முறிந்தால் கடையின் பெயரே பிறர் கையில் இருக்கும். புதுப்பிப்பு அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்பது இரண்டாவது. ‘டாட் காம்’ போன்ற பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் மீட்கக் கூடுதல் கட்டணம். அதுவும் கடந்தால் எவரும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தின் எழுத்தும் படங்களும் கடைக்காரரின் கைவசம் ஒரு படியாக உள்ளனவா என்பது மூன்றாவது. 2024இல் முகவரியை இழந்தவர்களுள், படி வைத்திருந்தவர் வேறிடத்தில் மீண்டும் கட்ட முடிந்தது. வைத்திராதவருக்கு எஞ்சியது வரைபடத்தில் ஒரு புள்ளி.

ஆய்வுலகுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. காலனியக் காலப் பெங்களூருவின் கடைகளை இன்று தேடுபவர் தாக்கரின் இந்திய வழிகாட்டி போன்ற அச்சிட்ட வணிகப் பட்டியல்களைப் புரட்டுகிறார். நூறாண்டுக்கு முந்தைய தையற்காரரின் பெயரும் மருந்துக்கடையின் தெருவும் அங்குக் கிடைக்கின்றன. 2017க்கும் 2024க்கும் இடைப்பட்ட ஒரு சிறுகடை தன்னைப் பற்றித் தமிழிலோ கன்னடத்திலோ என்ன எழுதிக்கொண்டது என்று வருங்காலத்தில் தேடுபவருக்கு அத்தகைய ஏடு இல்லை. இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் பக்கங்களைச் சேமித்துவருகிறது. எனினும் எவரும் இணைப்புக் கொடுக்காத ஒரு சிறுகடையின் பக்கம் அதன் வலையில் சிக்குவது அரிது. அக்காப்பகத்தில் ஒரு முகவரியை இட்டுச் சேமிக்க ஒரு நிமிடமே ஆகும். பெயர்ப்பலகையைப் படமெடுத்துக் களப்பணி செய்யும் மாணவர், அப்பலகையில் உள்ள இணைய முகவரியையும் திறந்து பார்த்து அன்றே சேமித்து வைப்பதை ஆய்வுநெறியின் பகுதியாகக் கொள்ள வேண்டும். தெருப்பலகை அடுத்த ஆண்டும் ஏதேனும் ஒரு வடிவில் அங்கே இருக்கும். இணையப்பலகைக்கு அந்த உறுதி இல்லை.